அடுப்பங்கரையிலிருந்து கிணற்றடி வரை

செம்மண்டலத்தில் இப்போது தெருவுக்கு ஒரு பழைய வீடாவது இடிபடுகிறது. அந்த இடத்தில் புது வீடு கட்டுகிறவர்கள் சிலர் பிளானைக் கொண்டுவந்து என்னிடம் காட்டுவார்கள். நான் இன்ஜினியர் இல்லை. வயதானவன் என்ற மரியாதைதான். எத்தனை பெட்ரூம், அக்கினி மூலை எது, பூஜை அறை எங்கே என்பதெல்லாம் அதில் இருக்கும். அந்த வீட்டுக்குள் அதிகம் நடக்கப்போவது யார், எவ்வளவு தூரம் நடப்பார் என்ற கணக்கு மட்டும் இருக்காது. வீடுகள் மாறிவந்த சரித்திரமே அந்தக் கணக்கில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

நம் பக்கத்துப் பழைய வீட்டை நினைத்துப் பாருங்கள். தெருவைப் பார்த்துத் திண்ணை, அதைத் தாண்டினால் ரேழி, பிறகு முற்றமும் தாழ்வாரமும், கூடம், பின்னால் அடுப்பங்கரை, அதற்கும் பின்னால் கொல்லையும் கிணறும். திருப்பாதிரிப்புலியூரிலும் சிதம்பரத்துத் தேர் வீதிகளிலும் வீட்டோடு வீடு சுவர் ஒட்டி நின்றதால் பக்கவாட்டில் ஜன்னல் வைக்க வழியில்லை. வெளிச்சம் முற்றத்து வழியாகத்தான் வரவேண்டும். சூடான காற்று முற்றத்தின் வழியே மேலே போக, ரேழி வழியாகத் தெருக்காற்று உள்ளே வரும். கூடம் பகலில் சாப்பிடும் இடம், இரவில் படுக்கும் இடம், விசேஷம் என்றால் அதுவே மண்டபம். ஓர் இடம் நான்கு இடத்து வேலையைச் செய்தது. இந்தச் சிக்கனத்துக்கு ஈடு இல்லை.

ஆனால் அந்தச் சிக்கனம் யாருக்கு? எங்கள் வீட்டில் கிணற்றடியிலிருந்து அடுப்பங்கரைக்கு முப்பது அடி நடக்கவேண்டும். நாளுக்கு இருபது குடமாவது அம்மா எடுத்திருப்பார். போக வரக் கணக்கிட்டால் தண்ணீருக்கு மட்டும் ஆயிரத்து இருநூறு அடி, அதில் பாதி இடுப்பில் குடத்தோடு. அம்மி ஒரு மூலை, ஆட்டுக்கல் ஒரு மூலை. விறகுப் புகையில் கண் எரியக் குனிந்தே சமையல். திண்ணையில் காற்று வாங்கியவர்கள் யாரும் இதை எண்ணிப் பார்க்கவில்லை.

எண்ணிப் பார்த்தவர் வெகு தூரத்தில் இருந்தார். மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற ஆஸ்திரியப் பெண் கட்டடக் கலைஞர், 1926-ல் ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரத்தில் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக ஒரு சமையலறையை வரைந்தார். ரயிலில் இருக்கும் சிறிய சமையல் பெட்டிதான் முன்மாதிரி. ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை அடி நடக்கவேண்டும், எவ்வளவு நேரம் ஆகும் என்று அளந்து, ஏறக்குறைய எழுபது சதுர அடிக்குள் அடுப்பு, தொட்டி, மேடை, அலமாரி எல்லாவற்றையும் கைக்கெட்டும்படி வைத்தார். சில ஆண்டுகளிலேயே அந்நகரில் சுமார் பத்தாயிரம் வீடுகளுக்கு அது போனது. நாம் இன்று நின்றபடி சமைக்கும் மேடைச் சமையலறைக்கு அது ஒரு முன்னோடி. அதிலும் குறை சொன்னார்கள்: ஒருவர்தான் நிற்கலாம், ஆகவே பெண் தனியாக உள்ளே அடைபட்டாள் என்று.

நம் மாவட்டத்தில் அந்த மாற்றத்தை நான் முதலில் பார்த்தது நெய்வேலியில். 1956-ல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கிய பிறகு, வட்டம் வட்டமாக நகரியம் எழுந்தது. என் அக்காவுக்கு அங்கே குவார்ட்டர்ஸ் வாழ்க்கை. சின்ன வீடுதான், திண்ணையும் இல்லை, முற்றமும் இல்லை. ஆனால் சமையலறைக்குள்ளேயே குழாய். முதல் தடவை அங்கே போன அம்மா, குழாயைத் திறந்து, மூடி, மறுபடி திறந்து பார்த்தார். "இவ்வளவுதானாடி வேலை?" என்று அக்காவைக் கேட்டார். நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

இன்று குழாய் எல்லா வீட்டிலும் இருக்கிறது. கணக்கு முடிந்துவிட்டதா என்றால், இல்லை. நடப்பவர் மாறியிருக்கிறார். பிள்ளைகள் வெளிநாட்டில், வீட்டில் எழுபதைத் தாண்டிய இரண்டு பேர். படுக்கை மாடியில், பாத்ரூம் வாசலில் தடுக்கும் நிலைப்படி, வழுக்கும் டைல்ஸ். வருஷத்தில் பத்து நாள் வருகிறவர்களுக்காக மூன்று பெட்ரூம் பூட்டிக் கிடக்கும். பழைய கூடம் கற்றுத்தந்த பாடத்தை விட்டுவிட்டோம், பிராங்பர்ட் பாடத்தையும் பாதிதான் எடுத்துக்கொண்டோம்.

ஆகவே பிளான் கொண்டுவருகிறவர்களிடம் நான் சொல்வது நான்கு விஷயம். ஒரு படுக்கை அறையாவது கீழ்த்தளத்தில் இருக்கட்டும். கட்டிலிலிருந்து பாத்ரூமுக்குப் பத்தே அடி, இடையில் படி கூடாது, கதவு மூன்றடி அகலம். சமையலறை கூடத்தைப் பார்த்தபடி இருக்கட்டும், சமைப்பவருக்குப் பேச ஆள் வேண்டும். எங்காவது ஒரு மூலையில் மேலிருந்து வெளிச்சம் விழட்டும்.

பிளானை விரித்து வைத்துக்கொண்டு, வீட்டில் அதிகம் நடப்பவரையும் நடக்க முடியாதவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். பென்சிலை அவர்கள் கையில் கொடுங்கள். மேஸ்திரியிடம் அப்புறம் போகலாம்.