செல் மாதிரி

கண்ணுக்குத் தெரியாத உயிரணுவின் (செல்லின்) அமைப்பை மாணவர்களே களிமண், தெர்மாகோல், பயறு, நூல் ஆகியவற்றால் முப்பரிமாணத்தில் செய்து கற்கும் வகுப்பறைச் செயல்பாடு. திருச்சி காட்டூர் பாப்பாக்குறிச்சியில் 2022 நவம்பர் 28 அன்று தொடங்கப்பட்ட வானவில் மன்றம், அரசுப் பள்ளிகளின் 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்குச் செய்து கற்கும் அறிவியலைக் கொண்டுசெல்லும் திட்டம். செல் மாதிரியும் அவ்வகைக் கற்றலே.

இம்மாதிரிகளில் பெரிதும் தவறுவது அளவு விகிதம். 30 மைக்ரோமீட்டர் செல்லை 30 செ.மீ. பந்தாகச் செய்தால், அது 10,000 மடங்கு பெருக்கம். அப்போது மைட்டோகாண்ட்ரியாவின் தடிமன் ஏறத்தாழ 1 செ.மீ. வரும், ரைபோசோமோ கால் மில்லிமீட்டர்தான். அதற்குக் கடுகு ஒட்டுவதுண்டு. கடுகு பல மடங்கு பெரிது. பொடி ரவையே பொருந்தும். இந்தக் கணக்கை மாணவர்களே போட்டுப் பார்ப்பது, பாகங்களுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டுவதைவிட மிகுந்த பயன் தரும்.

அசையாத மாதிரி செல்லின் பணியைக் காட்டாது. அதற்கு வேறு சோதனை வேண்டும்: வினிகரில் ஓடு கரைந்த கோழிமுட்டை, தண்ணீரில் இட்டால் வீங்கும், கெட்டியான சர்க்கரைப் பாகில் இட்டால் சுருங்கும். சவ்வின் வழியே நீர் மட்டும் கடப்பதை, அதாவது சவ்வூடு பரவலை, மாணவர் கையில் எடுத்தே உணரலாம்.