தமிழில் நிறுத்தக்குறிகள்

எழுதியதை எங்கே நிறுத்தி, எங்கே சேர்த்துப் படிப்பது என்று காட்டும் அடையாளங்கள் நிறுத்தக்குறிகள். காற்புள்ளி, அரைப்புள்ளி, முக்காற்புள்ளி, முற்றுப்புள்ளி, வினாக்குறி, உணர்ச்சிக்குறி, மேற்கோள்குறி என இன்று தமிழ் அச்சில் காணும் எல்லாமே ஐரோப்பிய அச்சுக்கலையோடு வந்தவை. அவற்றைப் பெரும்பாலும் ஆங்கில நூல்களைப் பார்த்தே தமிழர் கற்றனர்.

பாண்டியர் காலக் கல்வெட்டுகளில் எழுத்துகள் இடைவெளியின்றி ஓடும். சொல் எங்கே முடிகிறது, தொடர் எங்கே முடிகிறது என்பதைப் படிப்பவரே கண்டுகொள்ள வேண்டும். மெய்யெழுத்துக்குத் தொல்காப்பியம் சொன்ன புள்ளிகூடப் பெரும்பாலும் இருக்காது. பனையோலையிலும் இதே நிலைதான். எழுத்தாணியால் அழுத்திப் புள்ளி குத்தினால் ஓலை பொத்துப்போகும் என்பதால் அதை விட்டுவிட்டார்கள். எழுதத் தொடங்கும்போது பிள்ளையார் சுழி போட்டார்கள். நாள், மாதம், வருடம், பற்று, வரவு, மேற்படி, ரூபாய் ஆகியவற்றுக்குத் தனிச் சுருக்கக்குறிகள் வைத்திருந்தார்கள். இவை கணக்குக்கும் பத்திரத்துக்கும் உதவினவே தவிர, தொடரைப் பிரித்துக் காட்டவில்லை.

அப்படியிருந்தும் பொருள் குழம்பாமல் காத்தவை இடைச்சொற்கள். ஏகாரம் தேற்றம், வினா, பிரிநிலை, எண், ஈற்றசை என ஐந்து வேலை செய்யும் என்கிறது தொல்காப்பிய இடையியல். ‘வந்தானா’ என்றால் ஈற்று ஆகாரத்தாலேயே கேள்வி தெரிந்துவிடுகிறது. வினாக்குறி அதற்கு மேல் ஒரு துணை மட்டுமே. ‘நெல்லும் பருத்தியும் கம்பும்’ என்றால் பட்டியல் முடிந்த இடம் தெரிகிறது. பிறர் கூற்று முடியும் இடத்தை ‘என்று’ காட்டுகிறது. உரையாசிரியர்கள் ‘என்றவாறு’, ‘என்க’ என்று எழுதினால் அந்தக் கருத்து அங்கே முடிந்தது. ஒற்று மிகுவதும் இதே பணியைச் செய்கிறது. ‘வேலை கொடு’ என்றால் பணி கேட்கிறோம். ‘வேலைக் கொடு’ என்றால் கையிலுள்ள வேலாயுதத்தைக் கேட்கிறோம்.

ஐரோப்பாவிலும் நிறுத்தக்குறிகள் ஒரே நாளில் பிறந்துவிடவில்லை. அரைப்புள்ளியை 1490களில் வெனிஸ் நகரத்து அச்சகர் ஆல்டஸ் மனுட்டியஸ் அச்சில் கொண்டுவந்தார். அந்த அச்சுக்கலை தமிழுக்கும் வந்து, தமிழெழுத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ 1578இல் கொல்லத்தில் வெளிவந்தது. தரங்கம்பாடியில் சீகன்பால்குவின் புதிய ஏற்பாடு 1715இல் அச்சாகி முடிந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் வடிவ வேறுபாடு வகுத்தார். படிப்பவரின் தடுமாற்றத்தைக் குறைக்கும் முயற்சி என்ற வகையில் அதையும் இந்த வரலாற்றோடு சேர்த்தே சொல்ல வேண்டும்.

தமிழ் உரைநடையில் நிறுத்தக்குறிகளை முறையாகக் கையாண்ட முன்னோடி யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் (1822–1879). பெர்சிவல் பாதிரியாரோடு விவிலிய மொழிபெயர்ப்பில் பல ஆண்டுகள் உழைத்ததால் ஆங்கில உரைநடையின் ஒழுங்கு அவருக்கு நன்கு பழகியிருந்தது. கிறித்தவப் பிரசாரத்தை எதிர்த்து நின்ற அவர், அந்த ஒழுங்கைச் சைவத்துக்கும் தமிழ்க் கல்விக்கும் பயன்படுத்தினார். 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கி, அடுத்த ஆண்டு சென்னையிலிருந்து அச்சு இயந்திரம் வாங்கிச் சென்றார். அவருடைய பாலபாடங்களும் பெரியபுராண வசனமும் சிறுவரும் தடையின்றிப் படிக்கும்படி அமைந்தன. புலவர்களுக்கு மட்டும் எழுதியிருந்தால் குறிகள் அவருக்குத் தேவைப்பட்டிருக்க மாட்டா. பள்ளிப் பிள்ளைக்கு எழுதியதால்தான் தேவைப்பட்டன. அவர் பதிப்பித்த நூல்கள் சிலவற்றுக்கு இராமநாதபுரம் பொன்னுசாமித் தேவர் பொருளுதவி செய்தார்.

இருபதாம் நூற்றாண்டில் மர்ரே எஸ். ராஜம் சந்தி பிரித்து, குறியிட்டு, மலிவு விலையில் பழந்தமிழ் நூல்களை வெளியிட்டார். அவற்றைச் செய்யுளைச் சிதைத்த பதிப்புகள் என்று குறைசொல்வது நியாயமன்று. சாதாரண வாசகன் சங்கப் பாட்டைத் தானே படிக்க அவை வழிவிட்டன. அ.கி. பரந்தாமனாரின் ‘நல்ல தமிழ் எழுத வேண்டுமா?’ குறிகளின் பயன்பாட்டை மாணவருக்குக் கற்பித்தது.

எல்லாக் குறியும் ஒரே அளவு தேவையானதன்று. விளிக்குப் பின் வரும் காற்புள்ளியை விடவே கூடாது. ‘அக்கா வீட்டுக்கு வா’ என்பது ஓர் அழைப்பு. ‘அக்கா, வீட்டுக்கு வா’ என்பது வேறோர் அழைப்பு. ஆனால் ‘என்று’ இருக்கும் இடத்தில் அதன் முன்னும் பின்னும் காற்புள்ளி தூவுவதும், உம்மையைக் கைவிட்டு ஆங்கில முறையில் காற்புள்ளி அடுக்கி இறுதியில் ‘மற்றும்’ சேர்ப்பதும் தமிழின் வலுவைக் குறைக்கும் பழக்கங்கள்.

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் நடந்த ஒரு வழக்கு, காற்புள்ளியின் வேலையைத் தமிழில் இடைச்சொல்லே செய்துவிடும் என்பதை விளக்கும். மிகைநேர ஊதியம் கிடைக்காத வேலைகளை அடுக்கிய சட்டத்தில், பட்டியலின் கடைசி ‘அல்லது’க்கு முன் காற்புள்ளி இல்லை. விநியோகம் தனி வேலையா, அல்லது விநியோகத்துக்காகப் பொட்டலம் கட்டுவதுதான் வேலையா என்ற ஐயம் எழுந்தது. 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வழக்குத் தொடுத்த பால் வண்டி ஓட்டுநர்கள் பக்கம் நின்றது. மறு ஆண்டு 50 லட்சம் டாலருக்குச் சமரசமானது. தமிழில் ‘கட்டுதலோ விநியோகித்தலோ’ என்றும், ‘அனுப்புவதற்கோ விநியோகிப்பதற்கோ கட்டுதல்’ என்றும் ஓகாரத்தாலேயே இரு பொருளையும் பிரித்துவிடலாம்.

முற்றுப்புள்ளி சுருக்கக்குறியாகவும் வந்தது. ஒரே பெயருள்ள ஊர்களைப் பிரித்தறிய ஆங்கில எழுத்தும் புள்ளியும் முன்னொட்டாகச் சேர்ந்தன. திருச்சுழி வட்டாரத்து எம்.ரெட்டியபட்டி, சிவகாசிப் பக்கத்து எம்.புதுப்பட்டி, மதுரை மாவட்டத்து டி.கல்லுப்பட்டி என அந்தப் பகுதிகளில் அத்தகைய பெயர்கள் ஏராளம். எந்தப் பெயரின் சுருக்கம் என்பது மறந்து, எழுத்தே பெயராகிவிடுகிறது. 2021 டிசம்பரில் தமிழக அரசு ஆட்பெயரின் முன்னெழுத்தைத் தமிழிலேயே எழுத ஆணையிட்டது. ஊர்ப்பெயர்களிலும் ஆங்கில எழுத்தை விலக்கி, அது குறிக்கும் முழுப்பெயரை ஊராட்சிகள் தம் பெயர்ப்பலகைகளில் எழுத வேண்டும்.