மெசினுக்குப் பூட்டு வந்த கதை

பக்ரறியில் வேலை செய்யிற எங்கட ஆட்கள் சிலரின் இடுப்பில் ஒரு சிவப்புப் பூட்டுத் தொங்கும். வீட்டுக்கோ சைக்கிளுக்கோ போடுற பூட்டு இல்லை, மெசினுக்குப் போடுறது. மெசினைக் கழுவ, எண்ணெய் விட, பெல்ற் மாற்ற, சிக்கினதை இழுத்தெடுக்க முதல் மின்சாரத்தை நிற்பாட்டி, அந்தச் சுவிச்சில் இந்தப் பூட்டைப் போட்டுத் திறப்பைத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள வேணும். 'லொக்கவுற்' என்பார்கள். பூட்டுக் கிடைக்காமல் இரவிரவாக மெசின் கழுவுகிற எங்கட ஆட்களும் ரொறன்ரோவில் இருக்கினம். முக்கியமாக ஏஜென்சி மூலம் போறவை. அவைக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மெசின் ஓடும்போது கம்பி வலையும் மூடியும் கையைத் தடுக்கும். துப்பரவு செய்ய அவற்றைக் கழற்றியாக வேணும். கை உள்ளே இருக்கிற நேரம், மற்றப் பக்கத்தில் நிற்கிறவர் ஆள் இருக்கிறது தெரியாமல் பச்சைப் பொத்தானை அமத்தினால் கதை முடிஞ்சுது. சிவப்புப் பொத்தானை அமத்தினால் காணும் என்று சொல்லுவினம். காணாது. அதை ஆரும் இழுத்துவிடலாம். மின்சாரம் நின்ற பிறகும் குழாயில் காற்று அமுக்கம் இருக்கும், தூக்கி நிற்கிற பாரம் விழும். அதனால்தான் பூட்டின பிறகு காற்றைத் திறந்து விட்டு, பாரத்துக்கு முண்டு கொடுத்து, பச்சைப் பொத்தானை ஒருதரம் அமத்திப் பார்க்க வேணும். நாலு பேர் வேலை செய்தால் நாலு பூட்டு. அவரவர் பூட்டை அவரவரே கழற்ற வேணும்.

இந்த ஒழுங்கு முதலாளிமார் மனமிரங்கித் தந்ததில்லை. இங்கிலாந்தின் பஞ்சாலைகளில், ஓடுகிற நூற்பு மெசினுக்குக் கீழே தவழ்ந்து பஞ்சுத்தூசி பொறுக்கச் சின்னப் பிள்ளைகளை வைத்திருந்தார்கள். மெசினை நிற்பாட்டினால் நூல் குறையும், பிள்ளைக்குக் கூலி குறைவு, உடம்பும் சின்னன். 1844ம் ஆண்டுச் சட்டம்தான், ஓடுகிற மெசினைப் பிள்ளைகளும் இளம் வயதினரும் துப்பரவு செய்யக்கூடாது என்றது. வளர்ந்த ஆம்பிளை தன்பாட்டைத் தானே பார்க்க வேணும் என்பதுதான் அன்றைய நினைப்பு. ஒன்ராறியோவின் முதல் தொழிற்சாலைச் சட்டம் 1884இல் அதே வழியில் வந்தது. இலங்கையிலும் வெள்ளைக்காரன் காலத்தில், 1942ம் ஆண்டின் 45ம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் வந்தது. 1950இல் தொடங்கி 1990இல் யுத்தத்தோடு நின்றுபோன எங்கட காங்கேசன்துறை சீமெந்து ஆலையும் அதற்குக் கீழேதான் ஓடினது.

அடிபட்டவருக்கு நட்டஈடு என்பது வேறொரு வழியாக வந்தது. வில்லியம் மெரடித் என்ற நீதிபதியின் அறிக்கைப்படி, பிழை ஆருடையது என்று பாராமல் தொழிலாளிக்குக் காசு கொடுக்கிற சட்டம் ஒன்ராறியோவில் 1914இல் வந்தது. முதலாளிமார் எல்லாரும் பணம் கட்ட வேணும், தொழிலாளி தன் முதலாளிக்கு எதிராக வழக்குப் போடுற உரிமையை விட வேணும். இந்தப் பேரம் இன்றும் இருக்குது. ஆனால் போன கைக்குக் காசு தருவது வேறு, கையைக் காப்பாற்றுவது வேறு.

அதற்கு இன்னும் அறுபது வருடம் போச்சுது. இடையில் 1960 மார்ச் 17இல், யங் வீதிக்குப் பக்கத்தில் ஹொக்ஸ் ஹொலோ என்ற இடத்தில், டொன் ஆற்றுக்குக் கீழே தண்ணீர்க் குழாய்க்குச் சுரங்கம் வெட்டின ஐந்து இத்தாலியர்கள் தீயில் அகப்பட்டுச் செத்தார்கள். எங்களைப்போல் வந்த சனம்தான். யோர்க் மில்ஸ் சுரங்க ரயில் நிலையத்தில் அவர்களுக்காக ஒரு பெரிய துணிச்சித்திரம் இருக்குது, பாருங்கோ.

உண்மையான திருப்பம் வடக்கே எலியட் லேக்கில் நடந்தது. யுரேனியச் சுரங்கத் தொழிலாளர்கள் தூசியாலும் கதிர்வீச்சாலும் நெஞ்சு வருத்தம் வந்து செத்துக்கொண்டிருந்தார்கள். தங்கட வருத்தத்தைப் பற்றிய அறிக்கை ஒன்று பிரான்சில் ஒரு மாநாட்டில் வாசிக்கப்பட்டதை அவர்கள் பிந்தித்தான் அறிந்தார்கள். செத்தவன் தாங்கள், அறிக்கை வேறு ஆருக்கோ! 1974 ஏப்ரலில் ஏறக்குறைய ஆயிரம் பேர் வேலையை விட்டு வெளியே வந்தார்கள். அரசாங்கம் ரொறன்ரோப் பல்கலைக்கழகப் பொறியியல் பேராசிரியர் ஜேம்ஸ் ஹாமை விசாரிக்கச் சொன்னது. அவர் 1976இல் தந்த அறிக்கையை ஒட்டி 1978இல் சட்டம் நிறைவேறி, 1979 ஒக்ரோபர் 1இல் அமுலுக்கு வந்தது. ஆபத்தை அறியிற உரிமை, பாதுகாப்புக் குழுவில் பங்குபற்றுகிற உரிமை, ஆபத்தான வேலையை மறுக்கிற உரிமை என்று மூன்று.

பூட்டு இந்தச் சட்டத்தின் 851ம் இலக்க ஒழுங்குவிதிகளில் இருக்குது. 75ம் பிரிவு, ஆபத்தான அசைவு நின்று, திரும்ப அசையக்கூடிய பாகத்துக்குத் தடை போட்ட பிறகுதான் துப்பரவோ எண்ணெய் விடுவதோ திருத்துவதோ நடக்கலாம் என்கிறது. 76ம் பிரிவு, மெசின் திடீரென ஓடினால் ஆளுக்கு ஆபத்தென்றால் சுவிச்சைப் பூட்ட வேணும் என்கிறது. 1844இல் பிள்ளைகளுக்குச் சொன்னது கடைசியில் எல்லாருக்கும் வந்தது.

நான் வந்த புதிசில் வேலை செய்த ஒரு சாப்பாட்டுப் பக்ரறியில், பெல்ற்றை ஓடவிட்டுத்தான் துடைக்கச் சொன்னவை. கெதியாக முடியுமாம். இன்றைக்கும் அப்படிச் சொல்லுகிற சுப்பவைசர்கள் இருக்கினம். எங்கட ஆட்களும், கேஸ் முடியேல்லை, ஏஜென்சி நாளைக்குக் கூப்பிடாது என்று பேசாமல் கையை விடுகினம். இந்தச் சட்டம் உங்கட கேஸைப் பற்றிக் கேட்கிறதில்லை. ஏஜென்சி ஆளுக்கும் உரிமை உண்டு. சுப்பவைசரிடம் காரணத்தைச் சொல்லி மறுக்கலாம். அவர் பாதுகாப்புக் குழு ஆளை வைத்துக்கொண்டு பார்க்க வேணும். அதற்குப் பிறகும் ஆபத்து என்று நியாயமாகப் பட்டால் தொழில் அமைச்சின் இன்ஸ்பெக்டரைக் கூப்பிட வேணும். மறுத்ததற்காக வேலையை விட்டு நிற்பாட்டுவதை 50ம் பிரிவு தடுக்கிறது. நடைமுறையில் ஏஜென்சிக்காரர் வேறு சாட்டுச் சொல்லுவார்கள் என்பதும் தெரியும். அதனால் திகதி, நேரம், சொன்னவர் பெயர் எல்லாம் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கோ.

1914ம் ஆண்டு நட்டஈட்டுச் சட்டம் மூன்றாம் வாசிப்பில் நிறைவேறினது ஏப்ரல் 28. கனடாத் தொழிற்சங்கங்கள் 1984இல் அந்தத் திகதியையே வேலையில் செத்தவர்களை நினைக்கிற நாளாக எடுத்தன. 1991இல் கனடா அரசும் சட்டப்படி ஏற்றது. எங்கட புதுவருடத்துக்கு இரண்டு கிழமை கழித்து அது வரும். அன்றைக்கு அரைக்கம்பத்தில் கொடி பறக்கிறதைக் கண்டு ஏன் என்று பிள்ளைகள் கேட்டால், இதுதான் விஷயம்.