கிரெம்ளின்

செய்தித்தாளில் ‘கிரெம்ளின் மறுப்பு’ என்று படித்தால் நம் மனத்தில் எழுவது மாஸ்கோ, அதிலும் ரஷ்ய அதிபர் மாளிகை. ரஷ்யருக்கோ அது முதலில் ஒரு பொதுப்பெயர்: ஊரின் நடுவே மதில் சூழ்ந்து நிற்கும் உட்கோட்டை. கசானிலும் துலாவிலும் நீஷ்னி நோவ்கொரதிலும் கிரெம்ளின்கள் உண்டு.

ரஷ்ய மொழியில் இச்சொல் ‘கிரெம்ல்’ என்றே முடியும். கடைசி ‘இன்’ மேற்கு ஐரோப்பிய மொழிகளில் ஒட்டிக்கொண்டது. ஆங்கிலம் வழியாக நம்மிடமும் வந்து நிலைத்துவிட்டது. இனி அதைக் கழற்ற முடியாது.

வேர் பற்றி அறிஞர்கள் ஒன்றுபடவில்லை. ‘குரோம்’ என்ற பழஞ்சொல்லோடு இணைப்பது ஒரு கருத்து. விளிம்பு, தடுத்துப் பிரித்த இடம் என்பது அதன் பொருள். விளிம்பைக் குறிக்கும் ‘குரோம்கா’ இன்றைய ரஷ்ய மொழியிலும் வழங்குகிறது. பிஸ்கோவ் நகரின் கோட்டைக்குக் குரோம் என்றே பெயர். இரண்டு ஆறுகள் கூடும் முனையில் அது நிற்பதைப் பார்த்தால் எனக்கு இந்தக் கருத்தே பிடிக்கிறது. ஊசியிலைக் காட்டு மரத்தோடு சொல்லை இணைப்போரும் உண்டு. மாஸ்கோ மதிலும் தொடக்கத்தில் மரம்தானே! 1339இல் கருவாலி மரம், 1367இல் வெண்சுண்ணாம்புக்கல்; இன்றைய செங்கல் மதில் 1485 முதல் இத்தாலியக் கட்டடக் கலைஞர்கள் எழுப்பியது.

நீஷ்னி நோவ்கொரத் அல்லாத மற்றொரு நோவ்கொரதில் கோட்டையின் பழம்பெயர் வேறு: ‘தெத்தினெத்ஸ்’. அதற்குள் ‘குழந்தைகள்’ என்ற சொல் ஒளிந்திருப்பதாகச் சிலர் காண்கிறார்கள்.