குருவில்லாக் காலத்துப் பாவசங்கீர்த்தனம்

மட்டக்களப்பு வாவி சூழ்ந்த புளியந்தீவில் பறங்கியர் எழுப்பிய கோட்டை 1638இல் ஒல்லாந்தர் வசமாகி, நாளடைவில் அவர்தம் அதிகாரம் வேரூன்றிய கரையெங்கும் கத்தோலிக்கக் குருமார் விலக்கப்பட்டபோது, விசுவாசிகளுக்கு நேர்ந்த பெருங்குறை, என் எண்ணத்தில், பூசையினும் பாவசங்கீர்த்தனமேயாகும். ஞானஸ்நானத்தை ஆபத்துவேளையில் எவரும் கொடுக்கலாம். செபமாலையை வீட்டிலேயே ஓதலாம். பாவமன்னிப்பு அருளவோ அபிஷேகம் பெற்ற குருவே வேண்டும். திரிதெந்து பொதுச்சங்கம் உத்தம மனஸ்தாபத்தால் பாவமன்னிப்புக் கிட்டுமென ஏற்றதாயினும், சங்கீர்த்தனம் செய்யும் விருப்பமும் அதனுள் அடங்கியிருத்தல் வேண்டுமென்றது. ஆகவே, குருவைக் காணாத மனஸ்தாபமும் குருவை எதிர்நோக்கியே நின்றது. 1687இல் மாறுவேடத்தில் யாழ்ப்பாணம் வந்திறங்கிய கோவாநாட்டுக் குரு, புனித யோசேவ் வாஸ், இத்தகைய ஆன்மாக்களைத் தேடியே வந்தார். 1814இல் மட்டக்களப்பை அடைந்த வில்லியம் ஓல்ட் முதலிய மெதடிஸ்தரோ, குருவின் செவியை நாடாது இறைவனிடமே நேராக முறையிடப் போதித்தனர்.