எதிர்வீரசிங்கம் தாண்டிய உயரம்

இலங்கையின் விளையாட்டு வரலாற்றை எடுத்துரைப்போர் நாவில் முதலில் வருவது டங்கன் வைற் என்னும் பெயர். 1948 ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் நடைபெற்ற ஒலிம்பிக் விழாவிலே 400 மீற்றர் தடைதாண்டி ஓட்டத்தில் அவர் வெள்ளிப் பதக்கம் பெற்றார். அடுத்து வருவது, 2000 ஆம் ஆண்டு சிட்னியில் 200 மீற்றர் ஓட்டத்திலே பதக்கம் வென்ற சுசந்திகா ஜயசிங்கவின் பெயர். இவ்விருவருக்கும் இடைப்பட்ட காலத்திலே, ஆசிய விளையாட்டு விழாவில் இந்நாட்டுக்கு முதற் பொற்பதக்கத்தை ஈட்டித் தந்தவர் ஒருவர் உளர். அவரே யாழ்ப்பாணத்தின் மைந்தர் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம். ஆயினும் அவர் பெயரை அறிந்தோர் சிலரே.

1934 ஆம் ஆண்டு பிறந்த எதிர்வீரசிங்கம், வலிகாமத்துப் பெரியவிளானைச் சேர்ந்தவர். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியிற் கல்வி பயின்றவர். கோட்டைக்கும் முற்றவெளிக்கும் அருகே அமைந்த அக்கல்லூரியில் மாணவராயிருந்த காலத்திலேயே, உயரம் பாய்தலில் நாடறிந்த வீரரானார். 1952 ஆம் ஆண்டு, பதினெட்டு வயது நிரம்புமுன்னரே, ஹெல்சிங்கி ஒலிம்பிக் விழாவில் இலங்கையின் சார்பிற் கலந்துகொண்டார். 1956 இல் மெல்போண் ஒலிம்பிக் விழாவிலும் பங்குபற்றினார்.

1958 ஆம் ஆண்டு மே மாதம் 24 ஆம் நாள் டோக்கியோவில் மூன்றாவது ஆசிய விளையாட்டு விழா தொடங்கிற்று. அங்கே எதிர்வீரசிங்கம் தாண்டிய உயரம் 2.03 மீற்றர். இதன் அருமையை உணர ஓர் ஒப்பீடு போதும். ஹெல்சிங்கி ஒலிம்பிக் விழாவில் முதலிடம் பெற்ற அமெரிக்கர் வோல்ற்றர் டேவிஸ் தாண்டியது 2.04 மீற்றர். ஆறு ஆண்டுகளுக்கு முன்னர் உலகை வென்ற உயரத்துக்கு ஒரே ஒரு சென்றிமீற்றர் குறைவான உயரத்தை, யாழ்ப்பாணத்து இளைஞர் எட்டினார். இக்காலத்து மெத்தைகள் அன்று இல்லை. பாய்ந்தவர் விழுவது மணற் குழியிலேயே. ஆதலால் எவ்வளவு உயரம் பாயலாம் என்பதோடு, எவ்வாறு ஊறின்றி நிலஞ்சேரலாம் என்பதையும் அவர் எண்ணிப் பாய வேண்டியிருந்தது. முதுகு கீழாகப் பாயும் புதுமுறையை டிக் பொஸ்பரி உலகுக்குக் காட்டியது, பத்து ஆண்டுகள் கழித்து 1968 இல் மெக்சிக்கோ நகரிலேதான்.

இத்தகைய வெற்றியை நாடு முழுவதும் கொண்டாடியிருத்தல் வேண்டும். காலமோ இடந்தரவில்லை. டோக்கியோவில் விழா நடைபெற்ற அதே நாட்களில், இலங்கையில் இனக்கலவரம் மூண்டிருந்தது. மே 27 ஆம் நாள் அவசரகால நிலை பிரகடனஞ் செய்யப்பட்டது. தமிழர் பலர் உயிரிழந்தனர். வீடிழந்தோர் தலைநகரின் அகதி முகாம்களிலிருந்து கப்பல்கள் மூலம் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு அனுப்பப்பட்டனர். தமிழர் என்பதனால் மக்கள் தாக்கப்பட்ட அதே காலத்திலே, தமிழர் ஒருவர் இலங்கையின் கொடியைத் தாங்கி நின்று அந்நாட்டின் முதற் பொன்னைப் பெற்றார். ஒரே நாட்டின் வரலாற்றிலே இவ்விரண்டும் ஒருங்கே நிகழ்ந்தமை நெஞ்சை வருத்துவதாகும்.

எதிர்வீரசிங்கம் தம் நாட்டுக்காகப் பாய்வதைக் கைவிட்டாரல்லர். 1962 ஆம் ஆண்டு ஜகார்த்தா ஆசிய விழாவிலும் இலங்கைக்காகப் போட்டியிட்டு வெள்ளிப் பதக்கம் வென்றார். விளையாட்டோடு கல்வியையும் அவர் இணையாக வளர்த்தார். லொஸ் ஏஞ்சலிஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்திலே பட்டம் பெற்று, பின்னர் கோர்னெல் பல்கலைக்கழகத்திற் கலாநிதியானார். ஆபிரிக்காவிலே சியரா லியோன் முதலிய நாடுகளிற் கல்விப் பணி புரிந்தார். விளையாட்டு மைதானம் படிப்பைக் கெடுக்கும் என்று அஞ்சும் பெற்றோருக்கு இவர் வாழ்வே தக்க விடையாகும். 2024 ஆம் ஆண்டில் அவர் காலமானார்.

ஆண்டுதோறும் குடாநாட்டின் பாடசாலைகளில் இல்ல விளையாட்டுப் போட்டிகள் நடைபெறுகின்றன. சிறுவர் கோலை நோக்கி ஓடி மேலெழுகின்றனர். அவர்களுள் எத்தனை பேருக்கு, தம் மண்ணில் அவ்வாறே பாயத் தொடங்கிய ஒருவர் ஆசியாவின் உச்சியை எட்டிய செய்தி தெரியும்? பதக்கத்தைப் பெறுவது வீரர் கடன். அதை நினைவிற் பேணுவது பின்வந்தோர் கடன். முதற் கடன் 1958 ஆம் ஆண்டிலேயே தீர்ந்துவிட்டது. இரண்டாவது இன்னமும் நிலுவையில் உள்ளது.