கலாநிதிப் பட்டத்தின் பின்னர்

1901 ஆம் ஆண்டு ஏப்பிரல் 13 ஆம் திகதி ஹேர்மன் ஐன்ஸ்ரைன் என்பவர் லைப்சிக் பல்கலைக்கழக இரசாயனப் பேராசிரியர் ஒஸ்ற்வால்டுக்குக் கடிதமொன்று எழுதினார். சூரிச்சிலே கல்வியை முடித்த தமது மகன் அல்பேர்ட் பதவியேதுமின்றி மனம் வருந்துவதைக் கூறி, உதவியாளர் இடமொன்றை அவர் அதில் வேண்டியிருந்தார். மகன் அறியாமல் எழுதப்பட்ட கடிதம் அது. மகனும் ஒஸ்ற்வால்டுக்கு முன்னரே இருமுறை எழுதியிருந்தார். லைடன் பேராசிரியர் கமர்லிங் ஒன்னசுக்கு மறுமொழிக்குரிய தபாலட்டையையும் சேர்த்தே அனுப்பியிருந்தார். எதுவும் பயன்தரவில்லை. 1902 இல் பேர்ண் நகரின் காப்புரிமை அலுவலகமே அவருக்கு இடமளித்தது. அதே ஒஸ்ற்வால்ட் 1909 இல் ஐன்ஸ்ரைனை நொபெல் பரிசுக்கு முன்மொழிந்தமை வரலாற்றின் வேடிக்கைகளுள் ஒன்று.

இதனை ஒரு தனிமனிதரின் துரதிட்டமெனக் கொள்வது பொருந்தாது. அக்கால ஜேர்மானியமொழிப் பல்கலைக்கழகங்களில் உதவியாளர் நியமனம் பேராசிரியரின் விருப்பையே பெரிதும் சார்ந்திருந்தது. அதற்கு மேற்படியிலிருந்த தனிநிலை விரிவுரையாளருக்கும் சம்பளமில்லை. மாணவர் செலுத்தும் கட்டணமே வருவாய். ஆகவே, குடும்பச் சொத்து இல்லாதவன் ஆராய்ச்சியில் நிலைத்து நிற்பது அரிதாயிற்று.

முதலாம் உலகப் போரின் பின் இந்நிலை ஓரளவு மாறியது. 1919 இல் றொக்பெல்லர் நிறுவனம் அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிச் சபைக்கு ஐந்தாண்டுகளுக்கென 500,000 டொலர் வழங்க, பௌதிகத்திலும் இரசாயனத்திலும் கலாநிதிப் பட்டம் பெற்ற இளைஞருக்கான ஆய்வுப் புலமைப்பரிசில்கள் தோன்றின. 1923 இல் அமைந்த சர்வதேசக் கல்விச் சபை இம்முறையை ஐரோப்பாவுக்கும் விரித்தது. அதன் தலைவர் விக்லிஃப் றோஸ் ஐரோப்பிய ஆய்வுகூடங்களை நேரிற் சென்று பார்வையிட்டார். ஏலவே சிறந்து விளங்கும் நிலையங்களை மேலும் உயர்த்துவதே அவரது கொள்கை. கோபன்ஹேகனில் போரின் நிறுவனத்துக்கு 40,000 டொலர் கிடைத்தது. 1924 இல் அச்சபையின் உதவியுடன் ஹைசன்பேர்க் அங்கு சென்றார். குவாந்தப் பொறியியலின் வளர்ச்சியில் இப்பணத்துக்குள்ள பங்கு சிறிதன்று. ஆயினும் புகழ்பெற்ற பேராசிரியரின் மாணவனுக்கே கதவு எளிதில் திறந்தது என்பதையும் மறத்தலாகாது. பழைய தயவு முற்றாக மறையவில்லை. பரிந்துரைக் கடிதமாக அது வடிவம் மாறியது.

இப்புலமைப்பரிசில்களுக்கு ஒரு நிபந்தனை இருந்தது. காலம் முடிந்ததும் திரும்பிச் செல்லத் தாய்நாட்டிற் பதவி ஒன்று இருத்தல் வேண்டும். திறமையாளர் நாட்டை விட்டு நிரந்தரமாக நீங்கிவிடாதிருக்க வகுத்த விதி அது; நோக்கம் நல்லதே. ஆனால் 1933 ஏப்பிரல் 7 இல் ஜேர்மனியின் நாசி அரசு யூதரை அரசாங்க சேவையிலிருந்து நீக்கும் சட்டத்தை இயற்றியபோது, அவ்விதி யாருக்கு உதவி மிகவும் தேவையோ அவரையே புறந்தள்ளியது.

எட்வேட் ரெல்லர் அவர்களுள் ஒருவர். லைப்சிக்கில் 1930 இல் ஹைசன்பேர்க்கிடம் கலாநிதிப் பட்டம் பெற்று, கொற்றிங்கனில் உதவியாளராயிருந்த ஹங்கேரிய யூதர் அவர். திரும்பிச் செல்லப் பதவி இல்லாதமையால் றொக்பெல்லர் புலமைப்பரிசில் அவருக்கு முதலில் மறுக்கப்பட்டது. இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரிப் பேராசிரியர் டொனன் இடமொன்று தருவதாக உறுதியளித்த பின்னரே தடை நீங்கியது. 1934 இல், தமது ஆசிரியர் பத்தாண்டுகளுக்கு முன் சென்ற அதே கோபன்ஹேகனுக்கு ரெல்லர் போய்ச்சேர்ந்தார். அடுத்த ஆண்டு அவர் வாஷிங்டனிற் பேராசிரியரானார். ஹங்கேரியிலோ ஜேர்மனியிலோ அவருக்கெனப் பதவி எதுவும் காத்திருக்கவில்லை.